மூச்சு எடுக்கும் இடம்

பக்கவாத்தியமே கிடையாது, அந்தக் காதல் கவிதையை எட்டுப் பேரின் குரல்கள்தான் தாங்க வேண்டும். ‘பிரியேன்’ என்ற கடைசிச் சொல்லை இருவர் மட்டும் நீட்டும்போது ஒருவர் மூச்சு எடுத்தால் மற்றவர் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

இசையமைத்தவள் கையை உதறினாள். “மறுபடியும் ஓட்டை! முன்வரிசை ஓரத்துல நீங்க, பின்வரிசையில நீங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மூச்சு எடுக்கறீங்க. நாளைக்கு மேடையில என் மானம் போகப்போகுது!”

“நான் எடுக்கற இடம் பார்த்து அவர்தான் எடுக்கறார்,” என்றாள் முன்வரிசைக்காரி.

“ஆமா, இவங்க மூச்சைக் கவனிக்கறதுதான் எனக்கு வேலை!” என்றார் பின்வரிசைக்காரர்.

“பக்கத்துல நிக்க மாட்டோம்னீங்க, பிரிச்சு நிறுத்தினேன். முகத்தைப் பார்க்க மாட்டோம்னீங்க, திருப்பி நிறுத்தினேன். இன்னும் நான் என்னதான் செய்யறது?”

மறுபடி பாடினார்கள். ‘பிரியேன்’ அதே இடத்தில் அறுந்தது.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அம்மா! அப்பா! விவாகரத்து வாங்கி ஏழு வருஷமாச்சு. மூச்சையாவது தனித்தனியா எடுங்களேன்!”

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.