தகடு சொன்ன அளவு

ஊர் எல்லையில் ஒரு டிரான்ஸ்பார்மர் நின்றது. முந்நூறு ஆம்பியர் வரை சுமக்கலாம் என்று பொறித்த தகடு ஒன்று அதன் நெஞ்சில் இருந்தது. பக்கத்திலேயே, உள்ளே இருக்கும் எண்ணெயின் சூட்டைக் காட்டும் வெப்பமானி இருந்தது.

ஒரு மழை நாளில் அடுத்த தெரு டிரான்ஸ்பார்மர் பழுதானது. அங்கிருந்த பிரசவ ஆஸ்பத்திரிக்கும் இதுவே மின்சாரம் தர வேண்டியிருந்தது.

"முந்நூறைத் தாண்டிவிடும் தம்பி. முடியாது என்று சொல்," என்றது தகடு.

"அண்ணே, மழையில் உங்கள் உடம்பு குளிர்ந்து கிடக்கிறது. இன்றைக்குக் கூடுதலாகவே தாங்குவீர்கள்," என்றது வெப்பமானி.

"இவன் நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவன். நான் என்றைக்காவது மாற்றிச் சொல்லியிருக்கிறேனா?"

டிரான்ஸ்பார்மர் தகட்டை நம்பி மறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அன்று மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு குழந்தை பிறந்தது.

சித்திரை வந்தது. காற்றே இல்லாத ஒரு மத்தியானம், வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடியது. சுமை இருநூற்றெண்பதைத் தொட்டது.

"அண்ணே, எண்ணெய் கொதிக்கிறது. கொஞ்சம் இறக்கி வையுங்கள்," என்று கெஞ்சியது வெப்பமானி.

"இன்னும் இருபது பாக்கி இருக்கிறது," என்றது தகடு.

டிரான்ஸ்பார்மர் இந்த முறையும் தகட்டையே நம்பியது. சற்று நேரத்தில் உள்ளே கம்பிச்சுருள் கருகிப் புகை எழுந்தது. ஓயாமல் கேட்ட அதன் முனகல் அடங்கிப் போனது.

"பார்த்தாயா? கடைசிவரை தம்பி அளவு மீறவேயில்லை," என்றது தகடு.

வெப்பமானியின் முள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.