டாக்டர் திரும்பி வந்த நாவல்

கண்ணாடிக்கடைக்காரர் புத்தகத்தை மேசைமேல் போட்ட வேகத்தில் எழுத்தாளரின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

"இதை எழுதினது நீங்கதானே?"

அட்டையில் அவள் பெயர் இருந்தது. பின்னட்டையில் அவள் படமும் இருந்தது. ஆனாலும் அந்த இளம்பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

புத்தகக் கடையின் மாடியில் போட்டிருந்த நாற்காலிகள் போதவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் பல வருடமாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும் விண்கலத் தொடர் ஒன்றின் ரசிகர்கள். தொடரை ஒட்டிப் புதிதாக மூன்று நாவல்கள் வந்திருந்தன. மூன்றையும் வாசித்துவிட்டு மூக்குமுட்டக் கோபத்தோடு வந்திருந்தார்கள்.

முதல் இரண்டை எழுதியவர்கள் விவரமானவர்கள். வரவில்லை.

மூன்றாவதை எழுதியவள் தனியாக வந்து மாட்டிக்கொண்டாள்.

அதுவரை ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குப் பதினோரு தளம்தான், பன்னிரண்டாவது எங்கிருந்து முளைத்தது என்றார் ஒரு பேருந்து ஓட்டுநர். இடதுகைப் பழக்கமுள்ள கேப்டனுக்கு வலது கையில் துப்பாக்கி கொடுத்ததற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னாள், கேப்டனின் சீருடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு கல்லூரி மாணவி. முதல் நாவலில் கல்யாணமான கேப்டன் இரண்டாவதில் பெண் தேடுகிறாரே, அந்த முதல் பெண்டாட்டி என்ன ஆனாள் என்று கேட்டார் ஓர் ஆடிட்டர். அது நான் எழுதியதில்லை என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ரசிகர் மன்றத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் விடமாட்டார். இடையில் ரொம்ப நாள் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் இருந்தவர், இன்று வியாபாரம் மும்முரமாக நடக்கிற சனிக்கிழமையில் கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறார்.

"டாக்டரை எதுக்குத் திரும்பக் கொண்டுவந்தீங்க?"

டாக்டர் என்றால் கப்பலின் டாக்டர். கொள்ளைநோய் கண்டவர்களின் விண்படகில் தானும் ஏறி, மற்றவர்களுக்குத் தொற்றாமல் இருக்க அதைச் சூரியனுக்குள் ஓட்டிக்கொண்டு போனவள். அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது இங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அழுதிருக்கிறார்கள். இந்த நாவலின் கடைசியில் அவள் கப்பலின் சாப்பாட்டு அறைக்குள் சாவகாசமாக நடந்து வருகிறாள். எப்படித் தப்பினாள் என்பதற்கு அரைப் பத்தி.

"எனக்கும் அவங்களை ரொம்பப் பிடிக்கும் சார்," என்றாள் எழுத்தாளர், சிந்திய தண்ணீரைக் கைக்குட்டையால் ஒற்றியபடி. "அதனாலதான்."

"பிடிச்சவங்க எல்லாம் திரும்பி வந்துடுவாங்களா?"

கைதட்டல் கிளம்பியது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள்.

"அந்தத் தொடர்ல எல்லாமே புளுகு. வெளிச்சத்தை விட வேகமாப் போறாங்க, பாறையோட பேசுறாங்க. போனவங்க போனவங்கதான்னு சொன்னாங்க பாருங்க, அது ஒண்ணுதான் நிஜம். அதையும் கெடுத்துட்டீங்களே!"

"அப்படிப் போடுங்க!" என்றார் பேருந்து ஓட்டுநர்.

கண்ணாடிக்கடைக்காரர் சட்டென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கை தட்டாதீங்க. யாரும் தட்டாதீங்க!"

அவர் முகத்தைப் பார்த்து விசில் பாதியில் நின்றது. புத்தகக் கடைக்காரர் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தார். கதைதானே சார், விடுங்க என்றார். கண்ணாடிக்கடைக்காரர் கையை உதறிக்கொண்டார்.

அதோடு கேள்வி நேரத்தை முடித்து, கையெழுத்துக்கு வரிசை போடச் சொல்லிவிட்டார்கள்.

திட்டித் தீர்த்தவர்கள் சமர்த்தாக வரிசையில் நின்றார்கள். கேப்டன் சீருடைக்காரி இரண்டு பிரதிகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். எழுத்தாளர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக நின்றது கண்ணாடிக்கடைக்காரர்.

அவர் நீட்டிய பிரதியின் ஓரம் நனைந்து உப்பியிருந்தது. அவள் முதல் பக்கத்தைத் திறந்து, பெயர் கேட்டாள்.

"பேர் வேண்டாம். டாக்டர் திரும்பி வந்தது நான் இட்டுக்கட்டினது, நிஜத்துல அப்படி யாரும் வரமாட்டாங்கன்னு எழுதுங்க. உங்க கையால எழுதுங்க."

குரலில் சூடு குறையவே இல்லை.

அவள் புத்தகக் கடைக்காரரைப் பார்த்தாள். அவர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார். ஒரு வருடம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிய நாவல். அதன் முதல் பக்கத்திலேயே, தான் எழுதியது பொய் என்று எழுத வைக்கிறான் இந்த மனுஷன். எழுதிக் கொடுத்துத் தொலைத்தால் வீட்டுக்குப் போகலாம்.

அவர் சொன்னபடியே எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார். மை காயட்டும் என்று புத்தகத்தைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டார்.

"இப்ப திருப்தியா சார்?" அவள் கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன.

"எனக்கில்லம்மா. என் பொண்ணுக்கு. ஒன்பது வயசு. அவ அம்மா போனப்ப டாக்டர் கதையைச் சொல்லித்தான் அவளுக்குப் புரிய வெச்சேன்."

அவர் அந்தப் பக்கத்தின்மேல் மெல்ல ஊதினார்.

"நேத்து இதைப் படிச்சு முடிச்சா. அதுலேருந்து வாசக் கதவைத் தாழ் போட விடமாட்டேங்கிறா."