வளைகாப்புச் சமையல்

அண்டாவில் புளிக்காய்ச்சல் சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றது.

வளர்மதி அடுப்பைத் தணித்தாள். விடிகாலையில் மண்டபத்துக்கு வந்ததிலிருந்து அவள் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

“ஒரு வாய் டீயாச்சும் குடியேன்” என்றாள் கூட வேலை பார்க்கும் பாஞ்சாலை.

“அப்பறமா குடிக்கறேன்.”

இன்று வளர்மதியின் அம்மா இறந்த நாள்.

வருடா வருடம் இந்த நாளில் இலை போட்டுப் படைத்து, காக்காய்க்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் அவளும் அப்பாவும் சாப்பிட உட்காருவார்கள். அப்பா எதிரில்தான் இருப்பார். ஆனால் அன்றைக்கு மட்டும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

அவளுக்கு வேறு யாரும் இல்லை. வந்த வரன்களெல்லாம் பிறந்த நேரத்தைக் கேட்டதோடு எழுந்து போய்விட்டன. பிறகு கரண்டியைப் பிடித்தாள். விருத்தாசலத்தில் பாதி விசேஷங்களுக்கு இப்போது அவள் கைச் சமையல்தான்.

பார்வதி வந்து, மகளுக்கு வளைகாப்பு என்று தேதியைச் சொன்னபோது, அன்றைக்கு முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். வீட்டை நினைத்துக்கொண்டாள். யாருக்கு இலை போட்டு, யார் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது?

“செஞ்சிடலாங்க” என்று சொல்லிவிட்டாள்.

இன்ன நாள் என்று தெரிந்திருந்தால் பார்வதி அவளை இந்த அடுப்புப் பக்கமே அண்டவிட்டிருக்க மாட்டாள். வளைகாப்புச் சோற்றைச் சாவு நாளுக்குப் படைக்கிறவளா கிளறுவது? அந்தப் பயத்திலேயே காலையிலிருந்து வளர்மதி யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மண்டபத்துக்குள் பெண்களின் சிரிப்பு அலையலையாக எழுந்தது. மாப்பிள்ளை இளவழகன் வேலை செய்யும் செராமிக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திறங்கியிருந்தார்கள். தாம்பூலப் பைகளில் பீங்கான் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

தேங்காய் சாதத்துக்கு அவள் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

காவியா நின்றாள். கன்னங்களில் சந்தனம், முழங்கைவரை கண்ணாடி வளையல், பட்டுப்புடவைக்குள் தள்ளிய வயிறு. பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள்.

“இங்க எதுக்கும்மா வந்த? பொகை ஆவாது. உள்ள போ.”

காவியா போகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, எனக்குப் பயமா இருக்குதுக்கா. யாருகிட்ட சொன்னாலும் எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. உங்கள எப்பிடிப் பெத்தேன்னு உங்கம்மா சொல்லியிருக்காங்களா?”

வளர்மதியின் கை நின்றது. முந்திரி கருகுவதைப் பார்த்து பாஞ்சாலை ஓடிவந்து வாணலியை இறக்கினாள்.

காவியா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லாம இருப்பாங்களா?” என்றாள் வளர்மதி. “வெள்ளன வலி எடுத்துச்சாம். வெயில் ஏறறதுக்குள்ள நான் வந்துட்டேனாம். மறுநாளே எழுந்திரிச்சி எங்கப்பாவுக்கு மொளவு ரசம் வச்சாங்களாம்.”

“மறுநாளேவா?”

“ஆமாங் கண்ணு. எங்கப்பாவுக்கு ஒண்ணும் செய்யத் தெரியாது. உப்புப் போடாம கஞ்சி காச்சினாராம். அதைக் குடிச்சிப் பாத்துட்டு, நீ புள்ளயப் புடி, நான் ஆக்கறேன்னு அடுப்படிக்குப் போயிட்டாங்களாம்.”

காவியா வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போயிற்று.

“நீங்களும் ஒரு வளையல் போட்டு வுடுங்கக்கா” என்று கையை நீட்டினாள்.

வளர்மதி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். எண்ணெய்க் கை என்றாள். காவியா கேட்கவில்லை. இடது கையிலிருந்த ஒரு பச்சை வளையலைத் தானே கழற்றி அவள் விரல்களுக்கிடையில் திணித்தாள்.

கையைத் துடைத்து, துடைத்து, மறுபடியும் துடைத்து, அந்த வளையலை வளர்மதி போட்டுவிட்டாள்.

“நல்லபடியா பெத்து எழுந்திரு, தாயே.”

உள்ளே யாரோ காவியாவைக் கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்தது. ஒரு இலையில் எல்லாச் சாதத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வளர்மதி மண்டபத்தின் பின்பக்கம் போனாள். சுற்றுச்சுவர்மேல் ஒரு பிடி வைத்துவிட்டு, “கா, கா” என்று கூப்பிட்டாள். காக்காய் வந்து கொத்தியதும் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அம்மாவைப் பற்றி ஒருவரிடம் இவ்வளவு நேரம் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

பேசியதில் ஒன்றுகூட நடந்ததில்லை. அம்மாவுக்கு மறுநாள் என்று ஒன்று வாய்க்கவே இல்லை. வளர்மதி பிறந்ததும் அன்றைக்குத்தான், அம்மா போனதும் அன்றைக்குத்தான்.

தன் முதல் அழுகை அம்மாவின் காதில் விழுந்ததா என்று அப்பாவிடம் கேட்க, கடைசிவரை அவளுக்கு வாய் வரவில்லை.