ஊர் பார்க்காத முழங்கால்

"பதினேழு ஊர் பாத்தாச்சு மாமி. முதல் ஊருக்கு அப்புறம் எந்த ஊர் ஃபோட்டோவுலயும் சாரைக் காணோமே!"

கேட்டவள் எதிர் வீட்டுப் பிரிஸில்லா.

நாற்பதாவது கல்யாண நாளுக்காக மகன் ராம்கி, அப்பாவையும் அம்மாவையும் கப்பல் பயணம் அனுப்பியிருந்தான். முப்பத்தி நாலு நாள். போன வாரம்தான் ஆராவமுதனும் கோமளமும் பெங்களூர் அல்சூர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். இன்று டி.வி.யில் படம் காட்டல்.

"அவர் எங்கே இறங்கினார்? முழங்கால் வலின்னு கப்பல்லயே உக்காந்துட்டார், பாவம்" என்றாள் கோமளம்.

"அப்ப இதெல்லாம் எடுத்தது யாரு?"

"கூட டூர் வந்தவாதான். போனை நீட்டினா எடுத்துத் தரா."

நேப்பிள்ஸில் கோமளம். லிஸ்பனில் கோமளம். பார்சிலோனாவில் தெருவில் பாடுகிற ஒருவன் பக்கத்தில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கோமளம்.

அடுத்த படத்தில் ஆராவமுதன் வந்தார். கப்பல் மேல்தளத்தில், கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசி நடந்துகொண்டிருந்தார்.

"இது?"

"அது தினம் காலம்பற. பத்து ரவுண்டு நடந்துட்டுத்தான் டிபனுக்கே வருவார்."

அடுத்த படம். ஆராவமுதனின் ஒரு கால் தரையில், ஒரு கால் அந்தரத்தில்.

"இது சாயங்காலம் டான்ஸ் கிளாஸ். டீச்சருக்கு இவர்னா ரொம்ப இஷ்டம்."

பிரிஸில்லா டி.வி.யைப் பார்த்தாள். பிறகு, நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த ஆராவமுதனைப் பார்த்தாள்.

"ஏன் சார், ஊர் பாக்கப் போனா மட்டும்தான் முழங்கால் வலிக்குமா?"

ஆராவமுதன் மிக்சர் கிண்ணத்துக்குள் மும்முரமாக நிலக்கடலை தேடினார்.

"விடு பிரிஸில்லா. வயசாச்சோன்னோ. நான் காபி கொண்டு வரேன்" என்று கோமளம் எழுந்து உள்ளே போனாள்.

பிரிஸில்லாவால் விட முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மாமி இங்க மெட்ரோவுல கூட தனியா ஏறினதில்ல. அவங்களைப் போய் தெரியாத ஊர்ல சும்மா தனியா அனுப்பிட்டு, நீங்க கப்பல்ல டான்ஸ் ஆடியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் இப்படிப் பண்ணியிருந்தா அடுத்த ஊர்லயே இறக்கி விட்டுட்டு வந்திருப்பேன்!"

ஆராவமுதன் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டி.வி.யில் படங்களோடு ஓடிய பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

"முதல் ஊர் ஏதென்ஸ். நானும் இறங்கினேனே, பாத்தியோன்னோ? மலை மேல கோவில். உலகமே அண்ணாந்து பாக்கறது. இவ என் காலையே பாத்துண்டு வரா. படி வழுக்கும்ங்கறா. தொப்பியைப் போடுங்கோங்கறா. பதினோரு மணி மாத்திரையைக் கையில வெச்சுண்டு பத்தரைலேர்ந்து நிக்கறா."

"ஆமா, மாமி அப்படித்தான்."

"ராத்திரி சாப்பிடறச்சே கேட்டேன், 'என்ன பாத்தே கோமளம்?'னு. யோசிச்சுப் பாத்துட்டு, 'வெயில்ல நீங்க ரெண்டு தடவை இருமினேள்'ங்கறா."

பிரிஸில்லா சிரித்துவிட்டாள்.

ஆராவமுதன் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே கதைதான். எங்க அழைச்சுண்டு போனாலும் அவ பாத்தது என்னைத்தான். அடுத்த ஊர் நேப்பிள்ஸ் வந்ததும் எனக்கு முழங்கால் பிடிச்சுண்டுடுத்து."

"சார்!"

"அவ லேசுல தனியா போகலை. நீங்க இல்லாம எப்படின்னு கண்ணைக் கசக்கினா. டிக்கெட் வீணாப் போயிடும்னு சொன்னப்புறம்தான் பஸ்ல ஏறினா. எனக்கும் பக்குபக்குனுதான் இருந்தது. அஞ்சு மணி வரைக்கும் மேல்தளத்துல நின்னு அந்த பஸ் வர ரோட்டையே பாத்துண்டிருந்தேன்."

"வந்து என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லலைன்னு கேளு. கப்பல் படி ஏறறச்சேயே ஆரம்பிச்சா. சாப்பாட்டு மேஜையில நாலு வெள்ளைக்காரா உக்காந்திருக்கா, அவாகிட்டயும் தமிழ்லயே சொல்றா. சந்துல மாட்டியிருந்த துணி, எலுமிச்சம்பழம் வித்த கிழவி, வழி தப்பினது, அவளே கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தது... அவளுக்கு அவ்வளவு பேச வரும்னு எனக்கு நாற்பது வருஷமாத் தெரியலை பிரிஸில்லா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் அந்த ஊரெல்லாம் பாக்க ஆசைதான். பரவாயில்லை. அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

பிரிஸில்லாவுக்குத் தான் பேசியதை நினைத்துக் கூச்சமாக இருந்தது. "சாரி சார்" என்று முனகிவிட்டு, டம்ளர் எடுத்து வைக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள்.

கோமளம் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமி, சாரோட முழங்கால் இப்ப..." என்று எதையோ கேட்க வேண்டுமே என்று கேட்டு வைத்தாள் பிரிஸில்லா.

"முழங்காலுக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு."

பிரிஸில்லா திகைத்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தைலம் தேய்ச்சு விட்டவ நான்தானே? நேப்பிள்ஸ்ல இடது முழங்கால்னார். பார்சிலோனாவுல வலது முழங்காலை நீட்டறார்!"

"அப்ப ஏன் மாமி ஒரு வார்த்தை கேக்கல?"

கோமளம் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கேட்டா, அடுத்த ஊர்ல கூடவே கிளம்பிடுவாரேடி!"