ஒரு வார்த்தை மாறாமல்

அந்த அலுவலகத்தின் இணைய வாசலைக் காப்பவை இரண்டு ஃபயர்வால் பெட்டிகள். ஒன்று கண்ணை மூடினால் மற்றது அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ளும். வெளியே யாருக்கும் தெரியாது. அதற்கு இரண்டிலும் செட்டிங் அச்சு அசலாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை.

"ஒரு புள்ளி மாறினாலும் மாட்டிக்குவோம்" என்று சக ஊழியனிடம் சொல்லியபடி சரிபார்த்து முடித்தான். கிளம்பும்முன், வழக்கம்போல மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"இன்னைக்கு அப்பாகிட்ட என்ன சொன்னே? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"தம்பி கப்பல்லேருந்து பேசினாரு, தொண்டை கட்டியிருக்கு, அடுத்த துறைமுகத்துல இறங்கினதும் உங்ககிட்ட பேசுவாருன்னு சொன்னேன்."

சக ஊழியன் சிரித்தான். "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே பாடம் கேட்டுக்கணுமா? சரியான பொண்டாட்டிதாசன்யா நீ!"

அவன் வழியெல்லாம் மனைவி சொன்னதையே முணுமுணுத்துக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமுதல் கட்டிலை விட்டு எழாத அப்பா, அவன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"சின்னவன் பேசினானா?"

"பேசினான்ப்பா. தொண்டை கட்டியிருக்காம். அடுத்த துறைமுகத்துல இறங்கினதும் உங்ககிட்ட பேசுவானாம்."

அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகளும் இதையேதான் சொன்னா. நேத்தும் இப்படித்தான், போன வாரமும் இப்படித்தான். நெசமா நடந்ததை ரெண்டு பேர் ஒரு வார்த்தை மாறாம சொல்லுவாங்களாடா?"

அவன் தலை குனிந்தான்.

"சின்னவன் உடம்பைக் கரைக்காவது கொண்டுவந்தாங்களா?"