அழாத பிள்ளை

“சிஸ்டர், மருந்துக் கடையில கூட்டமா இருக்கும், வர லேட்டாகும். அதுவரைக்கும் இவளைக் கொஞ்சம் பாத்துக்குங்க. நேத்துலேர்ந்து ஒரே அழுகை. ஆபரேஷன்ற வார்த்தையைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறா!”

பச்சை கவுன் போட்டுப் படுத்திருந்த மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அம்மா கிளம்பினாள். போர்வை மூக்குவரை ஏறியிருந்தது. உள்ளேயிருந்து விசும்பல்.

நர்ஸுக்குப் பாவமாக இருந்தது. மாதம் தவறாமல் தொண்டை வீங்கிக் காய்ச்சல். எச்சில் விழுங்கவே அழும் பிள்ளை. ராத்திரியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு குறட்டை. பள்ளிக்கூடத்துக்குப் போன நாளைவிடப் போகாத நாளே அதிகம். டான்சிலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை ஏழு வயதுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பக்கத்து அறையில் யாரோ கூப்பிட, நர்ஸ் போய்விட்டு வந்தாள். கட்டில் காலி! பதறிப்போய்த் திரும்பினால், குளியலறைக் கதவு திறந்தது. பச்சை கவுன் சாவகாசமாக நடந்து வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தது.

“நீதானே சின்னு?”

“ம்.”

“அழுகை நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு. மூக்குல மாஸ்க் வைப்பீங்க, எண்ணச் சொல்வீங்க, பத்து வர்றதுக்குள்ள தூக்கம் வந்துடும். அவ்ளோதானே?”

“யாருடா செல்லம் சொன்னா?”

“எனக்கே தெரியும். முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும். அப்புறம் ஐஸ்கிரீம் கேட்டா யாரும் திட்ட மாட்டாங்க.”

“நிஜமாவே பயமா இல்லையா?”

“கொஞ்சம்” என்று விரல் நுனியைக் காட்டினாள். “சின்னு அழக்கூடாது, அவ்வளவுதான்.”

தன்னையே பேர் சொல்லிப் பேசும் பிள்ளையைப் பார்த்து நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினாள்.

டாக்டர் உள்ளே வந்தார். “என்ன, ரெடியா? தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பாத்துடறேன். ஆ காட்டு.”

சிறுமி பெரிதாக வாயைத் திறந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி பார்த்தார்.

“சிஸ்டர், இது யாரு?”

“சின்னுதான் டாக்டர். ரெண்டு பக்கமும் டான்சில் வீங்கி...”

“ரெண்டு பக்கமும் துடைச்சு விட்ட மாதிரி இருக்கே! எடுக்கறதுக்கு இங்க என்ன இருக்கு?”

மருந்துப் பையோடு உள்ளே நுழைந்த அம்மா திகைத்து நின்றாள். “அடிப்பாவி! பெரிசு, நீ எங்கடி இங்க? உன்னை வராண்டாவில அப்பாகிட்டதானே விட்டுட்டுப் போனேன்!”

அம்மா ஓடிப்போய், வராண்டாவில் கைபேசிக்குள் மூழ்கியிருந்த அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் கையைப் பிடித்தபடி இன்னொருத்தி வந்தாள். அதே மூக்கு, அதே கன்னம், அதே ரெட்டைச் சடை. அழுது வீங்கிய கண்கள் மட்டும் வேறு.

“ரெட்டைப் பிள்ளைங்க டாக்டர்” என்றாள் அம்மா, மூச்சு வாங்க. “பெரியவளுக்குப் போன வருஷமே வேற ஊர்ல ஆபரேஷன் ஆயிடுச்சு.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “உனக்குத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கும்மா வந்து படுத்தே?”

“எனக்குப் பழக்கம் டாக்டர். அவதான் பாவம், ரொம்பப் பயப்படறா. அதான் அவளுக்குப் பதிலா இன்னொரு தடவை நானே பண்ணிக்கலாம்னு...”

சின்னு அப்பாவின் கையை உதறிவிட்டுக் கட்டிலருகே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

“கவுனைக் கழட்டிக் குடுத்துட்டு இறங்கு. அது என் கட்டில்.”