முப்பது கிராம்

தராசைக் கண்டாலே தேசியப் படகுப் பயிற்சியாளருக்குப் பயம். படகுப் போட்டியில், குறைந்த எடைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் துடுப்புப் போட்டவர். நூறு கிராம் கூடினாலும் படகில் ஏற விடமாட்டார்கள் என்று, ஒரு பந்தயத்தன்று காலையில் மொட்டையே அடித்துக்கொண்டார்.

பயிற்சியாளரான பிறகும் அந்தப் பயம் விடவில்லை. இன்றும் தராசிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாக்ஸைக் கழட்டிட்டீங்களா?" என்று தராசருகே நின்ற பெண்ணிடம் கேட்டார்.

"கழட்டியாச்சு சார். வெறும் உடம்புதான் கணக்கு."

"நேத்து இருபது கிராம்ல போச்சே! இன்னிக்கும் அப்படியே ஆச்சுன்னா?"

"இன்னிக்கும் விடமாட்டாங்க சார்."

பக்கத்தில் அவர் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். தராசின் எண்கள் ஓடி ஓடி நின்றன.

"சார், முப்பது கிராம் ஏறியிருக்கு!"

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்துவிட்டார்.

மனைவி கண்ணைத் திறந்து முறைத்தாள்.

"என்னங்க ஐயையோ? குறைமாசத்துல பொறந்த புள்ள, இன்னிக்குத்தான் ரெண்டு கிலோவைத் தாண்டியிருக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாங்க!"

அசடு வழிய அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"பழக்கதோஷம். சிஸ்டர், இன்னொரு தடவை வைங்க. இப்ப ஒழுங்கா சந்தோஷப்படறேன்."